கோட்டைக்குள் 1940-ஐத் தோண்டுவது எப்படி? போர்க்கால அரண்களை அகழாய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கரையில், கிழக்கு சசெக்ஸில் இருக்கிறது பெவன்சி கோட்டை. அதன் வெளிமதிலை ரோமானியர்கள் கி.பி. 290-களில் கட்டினார்கள். 1066 செப்டம்பர் 28 அன்று நார்மண்டியின் வில்லியம் படையோடு கரையிறங்கியது இங்கேதான். அதன்பின் நார்மன் பிரபுக்கள் ரோமானிய மதிலின் ஒரு மூலையில் தங்களுக்கென்று உட்கோட்டை எழுப்பிக்கொண்டார்கள். 1264-65-ல் ஒரு நீண்ட முற்றுகை நடந்தது. 1588-ல் ஸ்பானியக் கப்பற்படை வரப்போகிறது என்ற கிலியில் பீரங்கி மேடை ஒன்று அமைத்தார்கள். பிறகு முந்நூற்றைம்பது வருடம் ஆடும் மாடும் மேய்ந்த இடிபாடுதான்.

1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்ததும் கோட்டைக்கு மறுபடி வேலை வந்தது. ஹிட்லரின் படை கரையிறங்கத் தேர்ந்தெடுத்திருந்த கடற்கரைப் பகுதிக்குள் பெவன்சி விரிகுடாவும் வந்தது. ராணுவத்தினர் மதில் இடுக்குகளிலும் உட்கோட்டையின் இடிந்த உச்சியிலும் இயந்திரத் துப்பாக்கிக் காவலரண்களைக் கட்டினார்கள். இடிந்த சுவரின் ஒரு பகுதியைப் போலவே தெரியும்படி வெளிப்புறத்தைப் பழங்கல்லால் மூடினார்கள். மேற்கே ரோமானிய வாயிலின் வாயையே டாங்கி எதிர்ப்பு அரண் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. இன்று அது அங்கே இல்லை. மதிலில் ஒளிந்த காவலரண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பலர் அவற்றின் பக்கத்தில் நின்றே படம் எடுத்துக்கொண்டு, கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

இப்படிப் பழங்கோட்டைக்குள் புதுப்போர் புகுந்த இடங்களை எப்படி அகழ்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. உதாரணங்கள் பெரும்பாலும் பெவன்சியிலிருந்து வரும். சட்டம் இங்கிலாந்தின் சட்டம்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 1940-ன் மண்ணடுக்கு எப்போதும் மேலே இருக்கிறது. அதனாலேயே முதலில் அழிகிறது. புல்லை நீக்கும்போதே "நேற்றைய குப்பை" என்று அதை வாரிக் கொட்டிவிட்டு நார்மன் காலத்துக்கு இறங்கிய அகழாய்வுகள் ஏராளம். இன்னொரு பக்கம், போர்வீரன் வெட்டிய ஒவ்வொரு பதுங்குகுழியும் இடைக்கால அடுக்குகளை ஏற்கெனவே ஊடறுத்துவிட்டது. அந்தக் குழியை மட்டும் காலிசெய்தால் 1940-ம் கிடைக்கும், அதன் பக்கச்சுவரில் 1240-ம் தெரியும். புதிதாக ஒரு சாண் மண்ணைக்கூடச் சேதப்படுத்த வேண்டியதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒரே விதி: அவர்கள் வெட்டிய அளவுக்குத்தான் நாமும் வெட்டுவோம்.

படி 1: அனுமதி

பட்டியலிடப்பட்ட தொல்சின்னத்தில் அனுமதியின்றி மண்வெட்டி வைப்பது குற்றம். 1979-ம் ஆண்டின் தொல்சின்னங்கள் மற்றும் தொல்லியல் பகுதிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. விண்ணப்பத்தை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பிடம் கொடுக்க வேண்டும். அவர்களின் பரிந்துரையின் பேரில் முடிவெடுப்பது துறை அமைச்சர். உலோகம் தேடும் கருவியை வெறுமனே தரைமேல் ஓட்டுவதற்குக்கூட அதே சட்டத்தின் 42-ம் பிரிவில் தனி அனுமதி வேண்டும். வேல்ஸில் காட்வ், ஸ்காட்லாந்தில் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்று வாசல்கள் மாறும்.

விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்ட அறிக்கை ஒன்று போகும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், எத்தனை குழி, எவ்வளவு ஆழம், எங்கே நிறுத்துவீர்கள், கிடைத்த பொருள்கள் எந்த அருங்காட்சியகத்துக்குப் போகும், செலவை யார் ஏற்கிறார்கள் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். "போர்க்கால அரண்களைப் பற்றி அறிய" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் திரும்பி வந்துவிடும். "உள்முற்றத்தின் கிழக்குப் பக்கப் பதுங்குகுழி 1940-ல் வெட்டியதா, 1942-ல் மாற்றியமைத்ததா" என்பது போல எழுதினால் பேச ஆரம்பிப்பார்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: வௌவால்கள். குளிர்ச்சியும் இருட்டுமாக இருக்கும் காவலரண்கள் அவற்றுக்குப் பிடித்த வீடு. அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். காவலரணுக்குள் வேலை இருந்தால் முதலில் ஒரு சூழலியலாளரை உள்ளே அனுப்புங்கள். குளிர்கால உறக்கத்தில் அவை இருந்தால் உங்கள் நாட்காட்டி அதற்கேற்ப நகர வேண்டியதுதான்.

படி 2: மண்ணுக்கு முன் காகிதம்

லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு வரிசைகளை முதலில் கேளுங்கள். டபிள்யூ.ஓ. 166 என்பது உள்நாட்டில் இருந்த படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள். டபிள்யூ.ஓ. 199 என்பது உள்நாட்டுப் படைத் தலைமையகங்களின் கோப்புகள். எந்தப் பட்டாலியன் எந்த மாதம் உங்கள் கோட்டையில் இருந்தது என்று தெரிந்தால்தான் நாட்குறிப்பைப் பிடிக்க முடியும். பெவன்சியில் பிரிட்டிஷ் படையினரும் கனடியர்களும் உள்ளூர்க் காவல்படையான ஹோம் கார்டும் மாறி மாறி இருந்தார்கள். அமெரிக்க வான்படையும் வந்தது. இத்தனை கைகள் மாறிய இடத்தில் ஒரே குழியை மூன்று பேர் திருத்தியிருக்கலாம்.

நாட்குறிப்புகளை நம்பி ஏமாறவும் கூடாது. "மழை. அரண் வேலை தொடர்ந்தது" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். ஆனால் வரைபட இணைப்பு ஒன்று கிடைத்துவிட்டால் ஒரு மாத வேலை மிச்சம்.

அடுத்தது வான்படங்கள். போர் முடிந்த கையோடு 1946-47 வாக்கில் ராயல் விமானப்படை நாடு முழுவதும் எடுத்த படங்கள் ஸ்விண்டனில் உள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகத்தில் இருக்கின்றன. போர்க்காலத்திலேயே எடுத்தவையும் உண்டு. ஜெர்மானிய வேவு விமானங்கள் எடுத்துப் பின்னர் கைப்பற்றப்பட்டவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். படத்தில் பதுங்குகுழியை மட்டும் தேடாதீர்கள். முள்வேலி ஓடிய இடத்தில் யாரும் மிதிக்காததால் புல் ஒரு பட்டையாகத் தடித்து நிற்கும். காவலரணுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வெளிறித் தெரியும். உருமறைப்பு வலை அரணை மறைத்துவிடும்; அங்கே நடந்துபோன காலடித் தடத்தை மறைக்காது.

பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் ஒருங்கிணைத்த 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில் 1995 முதல் 2002 வரை தன்னார்வலர்கள் ஏறக்குறைய 20,000 இடங்களைப் பதிவுசெய்தார்கள். உங்கள் கோட்டை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஊர்ப் பெரியவர்களிடமும் பேசுங்கள். அன்று சிப்பாயாக இருந்தவர்கள் கிட்டத்தட்ட இல்லை. அன்று பத்து வயதில் சிப்பாய்களிடம் சாக்லேட் கேட்டு நின்றவர்கள் சிலர் இருக்கிறார்கள். சிறுவர்களுக்கு எந்தக் குழியில் எந்தத் துப்பாக்கி இருந்தது என்பது நன்றாகவே நினைவிருக்கும். தேதிதான் குழம்பும்.

படி 3: தரைக்கு மேலே உள்ளதை அளப்பது

தோண்டத் துடிக்கும் கைகளைக் கொஞ்ச நாள் கட்டிப்போடுங்கள். காவலரணின் ஒவ்வொரு முகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படமெடுத்து முப்பரிமாண மாதிரி உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு சுடும் துளைகளுக்கு வாருங்கள். ஒவ்வொரு துளையின் உட்புற அகலம், வெளிப்புற அகலம், தரையிலிருந்து உயரம், திசை ஆகியவற்றைக் குறித்தால் அந்தத் துப்பாக்கி எந்தப் பரப்பைக் காத்தது என்பதை வரைபடத்தில் விசிறியாக வரையலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் லைடார் (விமானத்திலிருந்து லேசரால் அளந்த) தரைமட்டத் தரவோடு அதைப் பொருத்தினால், எந்தப் பள்ளம் எந்தத் துப்பாக்கிக்கும் தெரியாமல் விடுபட்டது என்று தெரியும். அந்தப் பள்ளத்தில்தான் வேலியோ பதுங்குகுழியோ இருந்திருக்க வேண்டும். குழி போட வேண்டிய இடத்தை இதுவே சொல்லிவிடும்.

சுவரில் எது எந்தக் காலம் என்று பிரிப்பதற்குக் காரைதான் கைகொடுக்கும். ரோமானியக் காரையில் பல இடங்களில் செங்கல் தூள் கலந்து இளஞ்சிவப்பாக இருக்கும். இடைக்காலச் சுண்ணாம்புக் காரை வெளுத்து, நகத்தால் கீறினால் உதிரும்; உள்ளே சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1940-ன் சிமெண்ட் சாம்பல் நிறம், நகம்தான் உடையும். இதில் நான்காவது ஒன்றும் உண்டு. பெவன்சி 1925-ல் அரசின் பொறுப்புக்கு வந்த பிறகு பழுதுபார்த்தவர்கள் பூசியது. அதையும் 1940-ன் வேலையையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள்.

பெவன்சியின் இடைக்காலக் கோபுரங்களுக்குள் படையினர் தங்க உட்பக்கம் செங்கல் சுவரும் பலகைத் தளமும் போட்டார்கள். இப்படிப்பட்ட அறைகளில் கம்பித் தூரிகை எடுத்துச் சுத்தம் செய்ய இறங்கிவிடாதீர்கள். பென்சிலால் எழுதிய பெயர்களும் நாள்கணக்குக் கோடுகளும் ஒரே தேய்ப்பில் போய்விடும். விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் எழுந்து வரும்.

படி 4: தரைக்குள் கருவியால் பார்ப்பது

காந்தமானியை இங்கே அதிகம் நம்ப வேண்டாம். நெளிதகடு, முறுக்குக் கம்பி, முள்கம்பி என்று இரும்பு நிறைந்த இடத்தில் அது காட்டுவதெல்லாம் ஒரே கூச்சல். மின்தடை அளவீடு உதவும்: நிரப்பிய பதுங்குகுழியில் ஈரம் தங்குவதால் தடை குறையும், புதைந்த கான்கிரீட் தளத்தில் கூடும். தரை ஊடுருவும் ராடார் கான்கிரீட்டையும் அதற்குள் இருக்கும் கம்பியையும் தெளிவாகக் காட்டும்.

படி 5: வெடிபொருள்

கிணறு வெட்ட பூதம் புறப்பட்ட கதை இங்கே நிஜமாகவே நடக்கும். எனவே இந்தப் படியைத் தாண்டி யாரையும் மண்வெட்டி தொட விடாதீர்கள்.

துப்பாக்கி ரவையும் கையெறி குண்டும் எல்லோருக்கும் தெரியும். அதிகம் தெரியாதது 76-ம் எண் எரிகுண்டு. பார்ப்பதற்கு அரை பைண்ட் கண்ணாடிப் பாட்டில். உள்ளே வெண் பாஸ்பரஸ், பென்சீன், நீர், கூடவே ஒரு ரப்பர் துண்டு. ரப்பர் கரைந்து திரவம் பிசுபிசுப்பாகும். பாட்டில் உடைந்ததும் காற்றுப் பட்டுத் தானாகப் பற்றும். 1940-41-ல் லட்சக்கணக்கில் தயாரித்து ஹோம் கார்டுக்குக் கொடுத்தார்கள். குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னதால் பெட்டியோடு புதைத்து வைத்தவர்கள் உண்டு. எங்கே புதைத்தோம் என்று மறந்தவர்களும் உண்டு. பிரிட்டனில் இன்றும் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இவை கிளம்பிக்கொண்டிருக்கின்றன. மூடி சிவப்பென்றால் கையால் எறிய, பச்சையென்றால் நார்த்தோவர் என்ற எறிகருவியில் வைத்துச் சுட. எண்பது வருட மண்ணில் நிறம் போயிருக்கும். அதனால் குழியில் மூடியோடு, திரவத்தோடு ஒரு பாட்டில் தெரிந்தால் "பழைய சோடா பாட்டில்" என்று யாரும் தூக்கக் கூடாது.

வேலை தொடங்கும் முன் வெடிபொருள் அபாய மதிப்பீட்டை அதற்கென்று உள்ள நிறுவனத்திடம் வாங்குங்கள். மேல்மண் நீக்கும் நாட்களில் வெடிபொருள் அறிந்த ஒருவர் குழியோரம் நிற்கட்டும். சந்தேகமான பொருள் கிடைத்தால் அதை நகர்த்தாதீர்கள், துடைக்காதீர்கள், வாளியில் போடாதீர்கள். எல்லோரும் காற்று வீசும் திசைக்கு எதிராக விலகிப்போய் 999-ஐ அழையுங்கள். காவல்துறை ராணுவ வெடிகுண்டுப் பிரிவைக் கூப்பிடும். படம் எடுக்கிறேன் என்று திரும்பிப் போகிற ஆள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை முதல் நாளே அடையாளம் கண்டு வையுங்கள்.

மற்ற ஆபத்துகள் சாதாரணமானவை, ஆனாலும் உண்மையானவை: உடைந்த அஸ்பெஸ்டாஸ் கூரைத்தகடு, துரு ஏறிய முள்கம்பி, 1.2 மீட்டரைத் தாண்டினால் சரியும் பக்கச்சுவர். டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: பதுங்குகுழியா, பழைய ஆய்வுக்குழியா?

புல்லை நீக்கி, கரணையால் தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் கருத்த மண் பட்டை ஒன்று தெரியும். உடனே "1940" என்று கூவ வேண்டாம். பெவன்சியில் 1936 முதல் 1939 வரை அகழாய்வு நடந்தது. போர் வந்து நின்றது. 1939-ன் தொல்லியலாளர் குழியும் 1940-ன் சிப்பாய் குழியும் ஒரு வருட வித்தியாசத்தில் ஒரே புல்வெளியில் வெட்டப்பட்டவை. நிரப்பிய மண்ணும் ஒன்றுபோலவே இருக்கும்.

வித்தியாசம் வடிவத்தில். தொல்லியலாளர் கயிறு கட்டி நேராக வெட்டுவார். அடி சமமாக இருக்கும். சிப்பாய் வெட்டியது இடுப்புயரத்துக்கோ நெஞ்சுயரத்துக்கோ இறங்கும் ஒடுக்கமான குழி. குண்டு விழுந்தால் சிதறல் முழு நீளத்துக்கும் பாயாமலிருக்க ஓரிரு ஆள் நீளத்துக்கு ஒருமுறை வளையும் அல்லது உடையும். நின்று சுட ஒரு படி, மழைநீர் வடிய ஒரு மூலையில் சிறு பள்ளம், எதிரிப் பக்கம் மண்ணணை. இவற்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் நான் பெயர் சூட்டுவேன். அதுவரை பதிவேட்டில் "வெட்டு" என்று எண் மட்டும் போதும்.

படி 7: குழியைக் காலிசெய்வது

மொத்த வேலையின் இதயம் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு நிரப்பு அடுக்குக்கும் தனி எண், தனித் தாள். எது எதை வெட்டியது, எது எதன்மேல் கிடக்கிறது என்ற உறவை எட்வர்ட் ஹாரிஸ் 1973-ல் வகுத்த அடுக்கு அட்டவணையில் அன்றன்றே குறித்துவிடுங்கள். இரவு நினைவிலிருந்து போட்டால் தப்பும்.

குழியை முழுநீளத்துக்கும் ஒரேயடியாகக் காலிசெய்யாமல், குறுக்கே ஒரு மண்சுவரை விட்டு இருபக்கமும் இறங்குங்கள். அந்தக் குறுக்குவெட்டில்தான் கதை இருக்கிறது. மேலே மட்டம் செய்தவர்கள் கொட்டிய கலப்பு மண். அதில் தகரம், செங்கல் துண்டு, போருக்குப் பிந்தைய பாட்டில். அதற்குக் கீழே நிறம் மாறி மாறி, ஏறக்குறைய தலையணை அளவில் மண்கட்டிகள் தெரியும். துணி மக்கிப்போன மணல்மூட்டைகள் அவை. குழிக்குள் சரிந்தோ தள்ளப்பட்டோ கிடப்பவை. பக்கச்சுவரை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் அலையலையாக ஒரு கோடு இறங்கும். கையால் தொட்டால் தூளாகிவிடும் அந்தக் கோடுதான் சுவர் சரியாமலிருக்க நிறுத்திய நெளிதகடு. தகடே இல்லாமல் போய், துருவின் சாயல் மட்டும் மண்ணில் நிற்கும். அதைப் பொருளாக எடுக்க முயலாதீர்கள். வெட்டுமுகத்தில் 1:10 அளவில் வரைந்துவிடுங்கள்.

அடியில் விரற்கடை இரண்டு விரற்கடை தடிமனில் சாம்பல் நிற வண்டல். மனிதர்கள் உண்மையில் நின்ற தரை அதுதான். மிதிபட்டு இறுகியிருக்கும். கரித்தூள், தீக்குச்சி, சிகரெட் சுற்றிய வெள்ளீயத்தாள், எப்போதாவது ஒரு ரவை உறை. இந்த அடுக்கை முழுவதும் மூட்டையில் கட்டிச் சல்லடைக்கு அனுப்புங்கள். நீரில் அலசினால் விதைகளும் வரும். மேலே இருந்த அடுக்குகள் அரண் கைவிடப்பட்ட காலத்தைப் பேசும். இந்த ஒன்றுதான் அது பயன்பட்ட காலம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெட்டியவர் மேல்மண்ணை முதலில் வெளியே போட்டார், அடிமண் அதன்மேல் விழுந்தது. மூடியவர் மண்ணணையின் மேலிருந்து தள்ளினார். அடிமண் முதலில் குழிக்குள் போனது. இருமுறை தலைகீழானதால் இடைக்கால ஓடு கீழே, புது ஓடு மேலே என்று இயல்பான அடுக்குபோலவே அமைந்துவிடலாம். 13-ம் நூற்றாண்டு ஓடுகள் மட்டுமே வரும் ஓர் அடுக்கைக் கண்டு மயங்காமல், அதன் கீழே சிமெண்ட் துகளோ கம்பியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு போதும், முழு அடுக்கும் 1940-க்குப் பிந்தியது. அந்த இடைக்கால ஓடுகளையும் தூக்கி எறிய வேண்டாம். அவை இடம் மாறியவை, ஊர் மாறியவை அல்ல.

குழி காலியானதும் பக்கச்சுவரை ஈரம் தெளித்துக் கரணையால் சீவுங்கள். இடைக்கால முற்றத் தளம், எரிந்த பட்டை, சமையல் சாம்பல், இடிந்த கற்குவியல் என்று அடுக்குகள் தெரிய ஆரம்பிக்கும். வரையுங்கள், படம் எடுங்கள், மண் மாதிரியைச் சிறு டப்பாவில் சுவரிலிருந்தே எடுங்கள். அதற்குமேல் போகாதீர்கள். பக்கச்சுவரில் பாதி மூழ்கிய ஒரு பானை விளிம்பு தெரியும்போது கை பரபரக்கும். அது அங்கேயே இருக்கட்டும். அனுமதியில் எழுதிக்கொடுத்த எல்லை அதுதான். குழியின் அடி, மனிதக் கை படாத கன்னி மண்ணைத் தொட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மனித வாழ்வின் மொத்தத் தடிமனும் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

மனித எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்தி, காவல்துறைக்கும் அனுமதி தந்த அமைப்புக்கும் சொல்லுங்கள். எடுப்பதற்கு நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் தேவைப்படும்.

படி 8: கான்கிரீட்டை வாசிப்பது

கான்கிரீட் ஒரே நாளில் இறுகிய மண்ணடுக்கு. அப்படித்தான் அதைப் பதிவுசெய்ய வேண்டும். வார்ப்புப் பலகையின் மரரேகை அதன் முகத்தில் பதிந்திருக்கும். பலகை அகலத்தை அளந்தால் ஒரே குழு எத்தனை அரண் கட்டியது என்று ஒப்பிடலாம். மரம் தட்டுப்பாடானபோது செங்கல்லையே வார்ப்பாக வைத்து உள்ளே கான்கிரீட் ஊற்றி, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். நெளிதகட்டின் அலை பதிந்த கூரைகளும் உண்டு. கூரையில் கம்பி வளையங்கள் துருத்திக்கொண்டிருந்தால் அவை உருமறைப்பு வலையைக் கட்டியவை, பதிவேட்டில் விட்டுவிடாதீர்கள்.

போர்த்துறையின் எஃப்.டபிள்யூ.3 பிரிவு 1940 கோடையில் காவலரண்களுக்கு வரைபட மாதிரிகளை அனுப்பியது. அறுகோண வடிவ 22-ம் வகையும், ஒரு பக்கம் நீண்ட 24-ம் வகையும் வயல்வெளியெங்கும் காணக்கிடைப்பவை. கோட்டைக்குள் கட்டியவர்களுக்கு இந்த அச்சு பொருந்தவில்லை. இடிந்த சுவர் விட்ட இடத்துக்குள் நுழைத்தாக வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் தனி வடிவம். எனக்குப் பெவன்சியில் மிகவும் பிடித்தது இதுதான்: மாதிரிப்படம் கையில் இருந்தும், ஓர் அதிகாரி சுவரைப் பார்த்துப் பார்த்துத் தன் மனம்போல் வரைந்திருக்கிறார்.

மண்ணுக்குள் வட்டக் கான்கிரீட் உருளை ஒன்று தட்டுப்பட்டு, அதன் தலையில் மழுங்காத எஃகு முளை பளபளத்தால் அது பிளாக்கர் பாம்பார்டு எனும் டாங்கி எதிர்ப்பு எறிகருவியின் மேடை. 1941-42-ல் ஹோம் கார்டுக்கு வந்தது. முளை துருப்பிடிக்காத எஃகு என்பதால், சுற்றியுள்ள எல்லா இரும்பும் கரைந்த பிறகும் அது மட்டும் புத்தம் புதிதாக நிற்கும். உருளையைச் சுற்றி ஒரு குழி இருக்கும். குழியின் சுவரில் குண்டு வைக்கும் மாடங்கள். 1940-ன் பதுங்குகுழியை இந்த மேடைக் குழி வெட்டியிருந்தால் இரண்டு கட்ட வேலை என்பது காகிதமே இல்லாமல் நிரூபணம் ஆகிவிடும்.

காவலரணை அகற்றி அடியில் உள்ள இடைக்காலச் சுவரைக் காட்ட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். 1945-ல் பெவன்சியைத் திரும்பப் பெற்ற பணித்துறை அமைச்சகம் காவலரண்களையும் கோட்டையின் வரலாறாக விட்டுவைத்தது. இன்று அவையும் அதே பாதுகாப்புக்குள் வருகின்றன என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

படி 9: கிடைத்த பொருள்கள்

ரவை உறையின் அடியில் தயாரித்தவரின் எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். ஆண்டைப் படித்த சந்தோஷத்தில் முடிவு கட்டிவிட வேண்டாம். 1940 கோடையில் அமெரிக்கா அனுப்பிய .30 அங்குலத் துப்பாக்கிகளோடு முதல் உலகப்போர்க் காலத்து ரவைகளும் வந்தன. "எஃப்.ஏ. 18" என்று பொறித்த உறை 1918-ன் அகழியைக் குறிக்காது, பெரும்பாலும் ஹோம் கார்டைக் குறிக்கும். பிரிட்டிஷ் .303 ரவையோடு குழம்பாமலிருக்க அந்தத் துப்பாக்கிகளில் சிவப்புப் பட்டை அடித்திருந்தார்கள். பொருளின் தேதி, அடுக்கு எதற்குப் பிறகு உருவானது என்பதை மட்டும் சொல்லும்.

ஒரு பொருள் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெவன்சியே சாட்சி. ரோமப் பேரரசன் ஹொனோரியஸின் முத்திரை பதித்த செங்கற்கள் இங்கே கிடைத்தன என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி அறிஞர்களிடம் காட்டினார் பழம்பொருள் ஆர்வலர் சார்லஸ் டாசன். கோட்டை நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பழுதுபார்க்கப்பட்டது என்பதற்கு அவையே ஆதாரமாக ஏட்டில் ஏறின. 1973-ல் வெப்ப ஒளிர்வுச் சோதனை அவை டாசனின் காலத்திலேயே சுட்டவை என்று காட்டிவிட்டது. மனித மண்டையோட்டையும் குரங்கின் தாடையையும் சேர்த்து ஆதிமனிதன் என்று காட்டிய பில்ட்டவுன் மனிதன் மோசடியில் அடிபடும் அதே டாசன்தான்.

இரும்பை ஈரத்தோடு பையில் போட்டு மூடாதீர்கள். காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், எக்ஸ்ரே எடுங்கள். தோல் பூட்ஸ், மரம், துணி ஈரமாக வந்தால் ஈரமாகவே இருக்கட்டும். தட்டு, குவளைகளைத் திருப்பிப் பாருங்கள்: மன்னர் ஆறாம் ஜார்ஜின் எழுத்தும் ஆண்டும், அல்லது படைவீரர் உணவக அமைப்பான நாஃபியின் முத்திரையும் இருக்கும். அம்புக்குறி இருந்தால் அரசுச் சொத்து. இந்தப் பொருள்களுக்கு நல்ல இடம் பதுங்குகுழியல்ல, சமையற்கூடத்தின் பின்னால் இருக்கும் குப்பைக்குழி. நேரமும் பணமும் ஒரு குழிக்கு மட்டுமே இருந்தால் நான் அதைத்தான் தேர்வேன்.

படி 10: மூடுவதும் எழுதுவதும்

வெட்டின் எல்லை முழுக்க மண்காப்புத் துணி விரித்து, அதன்மேல் சிறிது மணல், அதற்குமேல் எடுத்த மண், கடைசியில் புல். துணிக்கு மேலே உங்கள் ஆண்டு பொறித்த ஒரு நாணயமோ பெயர்த்தகடோ போட்டு வைப்பது பழைய வழக்கம். 1939-ன் ஆட்கள் அதைச் செய்திருந்தால் படி 6-க்குத் தேவையே இருந்திருக்காது.

அறிக்கையை ஓயாசிஸ் இணையப் பதிவில் ஏற்றி, மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். படங்களும் அளவீட்டுக் கோப்புகளும் யார்க்கில் உள்ள தொல்லியல் தரவு மையத்துக்குப் போகலாம். பொருள்களை வாங்க ஒப்புக்கொண்ட அருங்காட்சியகம் பெட்டி அளவு, சிட்டை, மை எல்லாவற்றுக்கும் தனி விதி வைத்திருக்கும். அதை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். துருப்பிடித்த நெளிதகட்டை எத்தனை கிலோ எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு துண்டு போதும் என்பார்கள். மீதியை எடை போட்டு, படம் எடுத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுக் குழிக்குள்ளேயே திரும்பப் போடுவதென்றால் அதுவும் மூடுவதற்கு முன் முடிவாக வேண்டிய விஷயம்.